மேலே "வுடு" சொல்ல ஆள் கிடையாது

பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்பீர்கள். அதையே முதலில் எழுதிவிடுகிறேன். பெரிய பேத்தி கமலா டீச்சர் பரீட்சையில் தேறி, தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலில் செருப்பு, கையில் குடை. நடையைப் பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடத்தையே கட்டியவள் அவள்தான் என்று தோன்றும். அவளுக்கு அடுத்த தம்பிக்கு அடுத்தவன் முருகேசன், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொள்கிறான். அவன் அரத்தால் ராவிய இரும்பைப் பட்டறைத் துரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் மெடல் கொடுத்த மாதிரி என்கிறான். கடைக்குட்டி சரோஜாவுக்குப் பாட்டுப் போட்டியில் வெள்ளிக் கிண்ணம் கிடைத்தது. இப்போது நம் வீட்டுச் சர்க்கரை அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கிறது, வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று. நடுவிலே விட்ட தம்பி தனபால்தான். அவனைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அவன் சேதிக்காகத்தான் இந்த மடலே.

இன்று காலையில் நம் சந்துக்கு விளக்குக் கம்பம் வந்தது. இரும்புக் கம்பம், எட்டுப் பேர் தோளில் சுமந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தார்க்கயிற்று வாடை வந்தது. அந்த வாடைக்கு நான் செம்பும் தண்ணீருமாக வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். முன்னால் வந்தவன் குழி ஓரத்தில் நின்றான், ஒரு மூச்சு இழுத்தான், "வுடு" என்றான். கம்பம் இறங்கியது. என் கையிலிருந்த செம்பும் இறங்கியது. எதிர் வீட்டு ரஞ்சிதம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இன்னாமே, அவன் சொன்னது உனுக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். புடவையெல்லாம் தண்ணீர். எனக்கும் சேர்த்துத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சொல்லோடு அல்லவா குடித்தனம் செய்தேன்.

உங்கள் கூட்டத்துக்கு ஹார்பரில் இருந்த பேர் எனக்குத் தெரியும். வண்டியில் ஏறாத சாமான், சந்தில் திரும்பாத சாமான், கப்பலில் வந்து இறங்குகிற இரும்பு, தேக்கு, இயந்திரம், எல்லாம் உங்கள் எட்டுப் பேர் தோளுக்குத்தான் வரும். கயிறு கட்டி, மூங்கில் கொடுத்து, ஆளுக்கொரு முனை. நீங்கள் முன் வரிசையில் இடப்பக்கம். தூக்குவதற்குப் பாட்டு உண்டு, நடப்பதற்குப் பாட்டு உண்டு, இறக்குவதற்கு மட்டும் பாட்டுக் கிடையாது. உங்கள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வர வேண்டும். அது வராமல் எவனும் தோளை நகர்த்தக் கூடாது. காலில் ஆணி ஏறினாலும் கூடாது. "ஒருத்தன் வுட்டா ஏழு பேர் முதுகு பூடும்" என்று புதிதாகச் சேருகிறவனிடம் சொல்வீர்கள். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

வேலைப் பழக்கம் வீட்டுப் பழக்கமாகவும் ஆகிவிட்டது. ஜமுக்காளத்தைத் துவைத்து இரண்டு பேராகப் பிழிவோம். பிழிந்து முடிந்தும் பிள்ளைகள் அவர்கள் முனையைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள், "வுடு" என்று நான் சொல்லும்வரை. பரணில் ஏற்றுகிற அண்டாவுக்கும் அதே. மாத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இது தெரியுமா? முதல் மாசத்தில் கட்டிலை இரண்டு பேராகத் தூக்கினோம், என் பக்கத்தை நான் பாட்டுக்குக் கீழே வைத்தேன். உங்கள் கால் விரல் வீங்கிவிட்டது. "அஞ்சாங்கிளாஸ் படிச்ச பொண்ணுன்னு சொல்லிக் கட்டி வெச்சாங்க, வுடுன்னு ஒரு வார்த்த வர்லியே" என்றீர்கள். அதன் பிறகு பேப்பர் வாசித்துக் காட்டச் சொல்லும்போதெல்லாம், "அஞ்சாங்கிளாஸ், இன்னா போட்டுக்கீறான் இன்னிக்கு?" என்பீர்கள். தெருவில் யாராவது கேட்டால், எங்க வூட்ல படிச்சவங்க இருக்காங்க என்று பெருமையாகவும் சொல்வீர்கள். இரண்டும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் பேப்பரில் ஆகாய விமானம் வருகிறது என்று போட்டிருந்தான். நான் வாசித்ததும் நீங்கள் நம்பவில்லை. நம் மகன் பெரியவனையும் இழுத்துக்கொண்டு போனோம். ஊரே அண்ணாந்து பார்த்தது. நீங்கள் மட்டும் விமானத்தைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே பார்த்தீர்கள், வலப்பக்கம், இடப்பக்கம். "அத்த யாரு தூக்கினு போறாங்க?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை, ஐந்தாம் வகுப்பில் அது வரவில்லை. இப்போது தெரியும். தனபால் சொன்னான், காற்றுதான் தூக்குகிறதாம். ஓடிக்கொண்டே இருந்தால் தூக்குமாம், நின்றால் போட்டுவிடுமாம். கேட்டது நீங்கள், பதில் வந்தது உங்கள் பேரனிடமிருந்து. சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

அவனுடைய படம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது. அவனைப் பள்ளிக்கூடத்தில் போட்ட வருஷம், மின்ட் தெருவுக்குப் போய் எடுத்தோம். நீங்கள் நாற்காலியில், நான் நிற்கிறேன், நடுவில் அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆடக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். எடுத்து முடிந்தது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள், நான் புடவையை உதறிக்கொண்டேன், படக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிள்ளை மட்டும் நாற்காலியைப் பிடித்தபடி, கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கிறான். நீங்கள் குனிந்து அவன் காதில், "வுடுடா நைனா" என்றீர்கள். புஸ்ஸென்று மூச்சு வந்தது. அங்கிருந்து ராயபுரம் வரைக்கும் அவனைத் தோளில் வைத்துக்கொண்டே நடந்தீர்கள். எதிரே வந்த தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும், "நம்ம பய வுட மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். எட்டுப் பேர் பாரத்தைச் சுமந்தபோதுகூட உங்கள் கழுத்து அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பயல் வளர்ந்து தந்தி ஆபீசில் வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியாது. விரலால் தட்டித் தட்டியே பேசுகிற வேலை. சோற்றுத் தட்டின் விளிம்பிலும் தட்டிக்கொண்டிருப்பான். இப்போது மறுபடியும் ஜெர்மன்காரனோடு சண்டை வந்திருக்கிறது. போன சண்டையில் எம்டன் கப்பல் குண்டு போட்டு எண்ணெய் டாங்கி எரிந்தபோது மூட்டை கட்டிக்கொண்டு ஓடினோமே, அந்த மாதிரி இன்னொரு கப்பல் சொல்லாமல் வந்துவிடக் கூடாது என்று, கடலை மேலேயிருந்து பார்க்க விமானப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஒருவன் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவான். பின்னால் ஒருவன் கடலைப் பார்த்துக்கொண்டு, கம்பியில்லாத் தந்தி அனுப்பிக்கொண்டு, வேண்டி வந்தால் துப்பாக்கியும் பிடிப்பான். அந்தப் பின் இருக்கைக்குத் தனபால் எழுதிப் போட்டுவிட்டான், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல். அவன் அப்பன், நம் பெரியவன், அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பிறகு அவனே கடைக்குப் போய்ப் பிள்ளைக்குப் புது பூட்ஸ் வாங்கிவந்து, கட்டிலின் கீழே வைத்தான்.

பரீட்சை உண்டாம் என்றான் தனபால். என்ன கேள்வி கேட்பார்கள் என்றேன். கேள்வி குறைச்சல், ஆளைத்தான் சோதிப்பார்கள் ஆயா என்றான். தலை சுற்றாதவனா, கண் இருட்டாதவனா, பயந்தால் கை உதறாதவனா என்று பார்ப்பார்களாம். சுழலும் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு நேரே நட என்பார்கள் என்று அவனுடைய தோஸ்து ஒருவன் சொல்லியிருக்கிறான். அது போதாதா நம் சந்துக்கு? பூவரச மரத்து ஊஞ்சலில் இவனை உட்காரவைத்து, கயிற்றை முறுக்கி முறுக்கி விட்டார்கள். இறங்கி, சாக்கடை ஓரத்துக் கல்லின் மேல் நேரே நடக்க வேண்டும். முருகேசன் செய்து பார்த்துச் சாக்கடைக்குள் போனான். தனபால் கோடு போட்ட மாதிரி நடந்தான். கமலா தன் பங்குக்குப் பலகையின் மேல் பென்சிலை நிமிர்த்தி வைத்து, அது சாயாமல் தலைக்கு மேல் தூக்கி இறக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். "கொக்கு மாதிரி நின்னுக்கினு கீறானே, மீனு எங்கடி?" என்றாள் ரஞ்சிதம். அவளும் தினம் வந்து பார்ப்பாள், ஒரு நாள் தவறவில்லை.

பட்டாளத்து டாக்டர் முன்னால் இவையெல்லாம் நடந்தன. நாற்காலி சுற்றியது, பலகை ஏறி இறங்கியது, எதிலும் இவன் தடுமாறவில்லை. கடைசியில் ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினாராம். வளைந்த குழாய், உள்ளே பாதரசம். ரப்பர் குழாயை வாயில் வைத்து ஊதி, பாதரசத்தை ஒரு கோடு வரை ஏற்றி, மறுபடி மூச்சு வாங்காமல் அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். டாக்டர் ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் இவன் நாடியையும் பிடித்திருந்தார். முன்னால் போன பையன்கள் முடிந்தவரை பிடித்தார்கள், முடியாதபோது அவர்களாகவே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். இவன் பிடித்தான். கோட்டுக்குக் கீழே இறங்க விடவில்லை. காது அடைத்தது. எதிர்ச் சுவர் கறுத்தது. டாக்டர் சொல்வார் என்று காத்திருந்தான். சொல்லாமல் எப்படி விடுவது? நம் வீட்டுப் பிள்ளை இல்லையா? டாக்டர் குழாயைப் பிடுங்கக் கையை நீட்டுவதற்குள் இவன் சாய்ந்துவிட்டான். கண் விழித்தபோது தரையில் கிடந்தான், முகமெல்லாம் தண்ணீர்.

ஏன் விடவில்லை என்று கேட்டாராம் டாக்டர். நீங்கள் சொல்லவில்லையே என்றானாம் இவன். அந்த மனிதர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார். எவ்வளவு நேரம் பிடிக்கிறாய் என்று மட்டும் நான் பார்க்கவில்லை, போதும் என்பது உனக்கே தெரிகிறதா என்றும் பார்க்கிறேன் என்றாராம். மேலே போகப் போகக் காற்று மெலிசு, அங்கே மூச்சு திணறுவதற்கு முன்னாலேயே நீ சொல்ல வேண்டும், சொல்லாமல் மயங்கினால் முன்னால் ஓட்டுகிறவன் உயிரும் சேர்ந்து போகும் என்றாராம். மற்றதெல்லாம் நன்றாகச் செய்திருப்பதால் அடுத்த வாரம் இன்னொரு தடவை வரச் சொன்னார். அன்றைக்கும் மயங்கி விழுந்தால் பேரை எடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்.

சேதி சந்துக்குள் அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. "ஊதி ஊதி மயங்கி வுழுந்துட்டானாமே, பலூன் வாங்கவா போனான்?" என்றாள் ரஞ்சிதம். அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், கையில் அவனுக்கென்று இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்திருந்தாள். பெரியவனுக்குத்தான் தாங்கவில்லை. "வுட்டாத்தான் வேலன்னா அந்த வேலயே வேணாம். எங்க நைனா பேரு இந்த ஹார்பர்ல இன்னா பேரு தெரியுமா?" என்று கூடத்தில் நின்று கத்தினான். உங்கள் பேரைச் சொல்லிக் கத்தும்போது அவன் கழுத்து நரம்பு உங்களுக்கு இருந்தது போலவே புடைக்கிறது.

அந்த வாரம் முழுக்கத் தனபால் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துப் பார்த்தான். பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை, விடுவதுதான் வரவில்லை. முருகேசன் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வுடலாம்னு நெனைக்கிறப்போ தாத்தா மூஞ்சி வந்து நிக்குது ஆயா" என்றான். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். அவனே கேட்டான்: "எட்டு பேருக்கும் தாத்தா சொன்னாரு. தாத்தாவுக்கு யாரு ஆயா வுடு சொன்னது?"

முறம் என் கையில் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் நான் அதை யோசித்ததில்லை. யோசித்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது, அதை அவனுக்குச் சொன்னேன்.

பெரியவனுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. திருவொற்றியூரில் புதிதாக நெல் மில் வைத்த ஒருவருக்குக் கப்பலில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் வந்திருந்தது. ஹார்பரிலிருந்து கூட்ஸ் ஷெட்டுக்கு உங்கள் கூட்டம் தூக்கிக்கொண்டு வருகிறது. நான் கஞ்சித் தூக்கோடு ராயபுரம் ஸ்டேஷன் எதிரே நிற்கிறேன். மில்காரர் ஜட்காவில் கூடவே வருகிறார். ஷெட்டு கண்ணுக்குத் தெரிகிறது, கூப்பிடு தூரம்தான். நட்ட நடு ரோட்டில் நீங்கள் நின்றீர்கள். "வுடு" என்றீர்கள். எட்டுத் தோளும் ஒன்றாக இறங்கின, சக்கரம் ரோட்டில் உட்கார்ந்தது. முன்னால் வண்டி போக முடியவில்லை, பின்னால் வண்டி வர முடியவில்லை. மில்காரர் இறங்கிவந்து பேசிய பேச்சை நான் காகிதத்தில் எழுத மாட்டேன். மாட்டு வண்டிக்காரன் ஒருவன், "எட்டு பேரு துன்ற சோத்துக்கு ஒரு சக்கரத்த தூக்க முடிலியா?" என்றான். நீங்கள் பின் வரிசைக்குப் போய் கன்னியப்பனைப் பிடித்து உட்காரவைத்தீர்கள். அப்போதுதான் கூட்டத்தில் சேர்ந்திருந்த ஆள். உதடு நீலம் பாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் விழுந்திருப்பான், சக்கரம் யார் மேல் சாய்ந்திருக்குமோ தெரியாது. நான் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். அவனுக்கு மூச்சு திரும்பிய பிறகு வேறு ஆளைப் போட்டு மறுபடி தூக்கினீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், முன்னால் நிற்கிற உங்களுக்குப் பின்னால் இருக்கிறவன் முகம் எப்படித் தெரிந்தது என்று. "மூஞ்சி எங்க தெரிஞ்சுது? மூச்சு மாறிச்சு. அத்த கேட்டுக்கினுதான் நான் நடக்கறதே" என்றீர்கள். கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தீர்கள். அந்த மில்காரர் அதற்குப் பிறகு உங்கள் கூட்டத்தைக் கூப்பிடவே இல்லை.

தனபால் கேட்டுக்கொண்டே இருந்தான். "அப்போ தாத்தாவுக்கு யாரும் சொல்லல" என்றான். ஆமாம் என்றேன். என் முறத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் போனான். பெரியவன் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றான். நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்காரவும் முடியாமல், அடுப்பங்கரையில் நிற்கவும் முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். வெயில் தாழத் திரும்பி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, புது பூட்ஸ் சத்தமே சொல்லிவிட்டது. போன தடவையைவிடக் குறைந்த நேரம்தான் பிடித்தானாம். காது அடைக்கத் தொடங்கும்போதே, யாரும் சொல்லாமல், குழாயைத் தானே எடுத்துக் கீழே வைத்தானாம். ஏன் விட்டாய் என்று கேட்டாராம் டாக்டர். மூச்சு மாறியது, கேட்டது, விட்டுவிட்டேன் என்றானாம் இவன். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையும் கொடுத்தாராம். பெரியவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முன் வரிசைக்கு ஆள் வந்துட்டான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரஞ்சிதம் சும்மா இருப்பாளா? விமானம் ஓட்டுவது வேறு ஆளாமே, இவன் பின்னால் உட்கார்ந்து வருகிறவன்தானாமே என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். "திருவொற்றியூர் தேர்ல சாமியா ஓட்டுது? ஒக்காந்துதானே வருது" என்றேன். சந்து முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் வாயை அடைத்த நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான், அதையும் எழுதி வைக்கிறேன்.

வடக்கே, லாகூர் பக்கம் போய்ப் பழக வேண்டும் என்று உத்தரவு வந்தது. புறப்படுகிற அன்று, உங்களை அண்ணன் என்றே கூப்பிடும் கன்னியப்பன் வந்தார். இப்போது அவரும் கிழவர், வாயில் பல் இல்லை. யார் சொல்லியும் கேட்காமல் தனபாலின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் வரைக்கும் நடந்தார். பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பலகையின் மேல் வைத்துவிட்டும் அதன் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை, அப்படியே நின்றார். மணி அடித்துவிட்டது. எல்லோரும் இறங்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தனபால் அவர் கைமேல் தன் கையை வைத்து, மெதுவாக, "வுடு தாத்தா" என்றான்.

கிழவர் கையை எடுத்தார். இறங்கி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அண்ணன் கொரலு."

எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் மின்ட் தெருவிலிருந்து நடந்து வந்தீர்களே, அந்த மாதிரி நான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன்.

உங்கள் உயிர் போன அன்று உங்கள் தலை என் மடியில்தான் இருந்தது. எட்டுப் பேருக்குச் சொன்ன வாய், எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லாமலே மூடிக்கொண்டது. அன்றைக்குத் தோளில் ஏற்றியதை நான் இன்னும் இறக்கவில்லை. பிள்ளைகள் படிப்பு, பெரியவன் கோபம், மழைக்கு ஒழுகுகிற ஓடு, ஹார்பரில் உங்கள் பேர், எல்லாம் இருக்கிறது. கனம்தான். உங்கள் சொல்லுக்காகக் காத்திருந்தேன், இனிமேல் காத்திருக்க மாட்டேன். என் மூச்சை நானே கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். அது இன்னும் மாறவில்லை. போதும் என்றால் எனக்கே தெரியும். இப்போது போதாது, பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

உங்களுக்குத் தபால் போகாது. அதனால் இந்தக் காகிதத்தை உறையில் போட்டுத் தனபாலுக்கே அனுப்புகிறேன். இருக்கிறவர்களில் அவன்தான் உங்களுக்குக் கிட்டத்தில் போய் வருகிறான்.

தனபாலு, தாத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஒரு காரியம் செய். சுவரில் இருக்கிற படத்தில் நீ இன்னும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறாய். அதற்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். விமானத்தில் போடுகிற தோல் குல்லாயைப் போட்டுக்கொண்டு, உடுப்போடு ஒரு படம் எடு. எதையும் பிடித்துக்கொள்ளாதே. மூச்சை விட்டுவிட்டு நில். புதுப் படம் வந்ததும் தபாலில் போடு.